மேஸ்திரி வீட்டுத் தண்ணீர்

சட்டைப் பையில் இல்லை. பீரோவில் இல்லை. மணி நாலு முப்பத்தைந்து. மகன் முட்டி போட்டு உட்கார்ந்து கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினான். கட்டிலின் மேல் அப்பா, வெள்ளைத் துணிக்குள், எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தார்.

“சீக்கிரம் தம்பி! அஞ்சு அடிச்சா பெட்டிக்கு சீல் வெச்சிருவான்” என்று வாசலிலிருந்து அவசரப்படுத்தினார் கிணற்று மோட்டார் கடைக்காரர்.

தேடியது ஒரு சீட்டு. வீட்டுக்கு ஒன்று. அவரவர் கிணறே போதுமா, நகராட்சிக் குழாய் வேண்டுமா என்று ஊரே இன்று டிக் அடித்துப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. கிணற்றுக் கட்சிக்கு அப்பாதான் தலை. கிணற்று மேஸ்திரி; ஊரில் பாதிக் கிணறு அவர் போட்டது. துளையிலிருந்து வரும் ஈர மண்ணை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, “இன்னும் இருபதடி. நல்ல தண்ணி” என்பார். இருபதாவது அடியில் தண்ணீர் வரும். இன்று காலை முச்சந்தியில் மைக் பிடித்து முழங்கிவிட்டு வந்தவர், “ஒரு டம்ளர் தண்ணி கொடு” என்று நாற்காலியில் சாய்ந்தார். அம்மா டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார்.

மகன் நகராட்சியில் குழாய் ஃபிட்டர். “காசு கொடுத்துப் படிக்க வெச்சு எதிரியைத் தயார் பண்ணியிருக்கேன்” என்று முன்பெல்லாம் அப்பா சிரிப்பார். மூன்று வருஷத்துக்கு முன் சிரிப்பு நின்றது. பேத்தியின் பல்லில் பழுப்புக் கோடுகள். டாக்டர் கிணற்றுத் தண்ணீரைக் கை காட்டினார். என் கிணற்றைக் குறை சொல்கிறவன் என் வீட்டில் இருக்க வேண்டாம் என்றார் அப்பா. என் பிள்ளை இனி இதைக் குடிக்காது என்றான் மகன். அன்றைக்கே சாமான்களை ஏற்றிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனவன், அம்மாவைப் பார்க்க வந்தாலும் வாசலோடு சரி.

அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது சீட்டு, நாலாக மடித்து. பிரித்தான்.

இரண்டு கட்டங்களும் காலி.

“என்னது, ஒண்ணுமே போடலையா?” மோட்டார் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “பேச்சு மும்முரத்துல மறந்திருப்பாரு. கிணறுன்னு நீ ஒரு டிக் அடிச்சுக் கொடு. நம்ம தெருவுல நாப்பது வீடு இன்னும் போடலை. மேஸ்திரி வீட்டுச் சீட்டு என்ன சொல்லுதோ அதான் எங்களுக்கும்னு கேட் பக்கத்துல நிக்கிறாங்க.”

“கிணத்தை மூடிட்டா உங்க கடையையும் மூடணும். அந்தக் கவலைதானே அண்ணே?”

“அதுவும்தான். பொய் சொல்லலை. ஆனா அப்பா ஆசைன்னு ஒண்ணு இருக்கில்ல? அவர் உடம்பு இன்னும் வீட்டுல கிடக்குதுப்பா.”

மகன் பேனாவைத் திறந்தான். நாற்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பல் முளைக்கிற ஒரு பிள்ளையாவது இருக்கும். குழாய் என்று அடித்தால், அப்பாவை அவர் கால்மாட்டில் நின்றே தோற்கடித்தது போல. கிணறு என்று அடித்தால், மூன்று வருஷம் எதற்காகப் பேசாமல் இருந்தான்? பேனா முனை எந்தக் கட்டத்திலும் இறங்கவில்லை.

“இப்படிக் கொடு” என்றாள் அம்மா.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். சீட்டை வாங்கி, சுவரில் வைத்து, யோசிக்காமல் ஒரு கோடு இழுத்தாள். குழாய்.

“அண்ணி!” மோட்டார் கடைக்காரர் பதறினார். “இது மேஸ்திரிக்குப் பண்ற துரோகம் இல்லையா? இந்த வீட்டுத் தண்ணியைக் குடிச்சுப் பாத்துத்தானே அத்தனை பேரும் கிணறு கிணறுன்னு நிக்கிறோம்? இப்பக்கூட ரெண்டு டம்ளர் குடிச்சேன். தேன்!”

“அது கிணத்துத் தண்ணி இல்லப்பா.”

அவர் தான் குடித்து வைத்த டம்ளரைத் திரும்பிப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நகராட்சிக் குழாய் இருக்கில்ல? மூணு வருஷமா இந்த வீட்டுல குடிக்கிறது அந்தத் தண்ணிதான். கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ, துணி துவைக்க. போய் எல்லார்கிட்டயும் சொல்லு. நானே சொன்னேன்னு சொல்லு.”

அவர் கட்டிலைப் பார்த்தார். சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கேட்டுக்கு வெளியே அவர் குரல் தணிந்து கேட்டது. பிறகு நிறையக் குரல்கள். பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமாகச் செருப்புச் சத்தங்கள்.

வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இல்லை, மூன்று.

“அப்பா நாக்குக்குத் தெரியாமலா?” என்றான் மகன்.

“நீ போன மறுவாரம், பாப்பா எப்பவாவது வந்தா இருக்கட்டும்னு ஒரு குடம் பிடிச்சு வெச்சேன். தெரியாம அதுல மோந்து அவருக்குக் கொடுத்துட்டேன். ஒரு மடக்கு குடிச்சாரு. டம்ளரைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மிச்சத்தையும் குடிச்சாரு. ஒரு வார்த்தை சொல்லலை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பாப்பாவுக்கு வெச்சது தீரக் கூடாதில்ல. தினமும் வந்துச்சு.”

“பஸ் ஸ்டாண்ட் ரெண்டு கிலோமீட்டர்மா. உன்னால ஒரு குடம் தூக்கிட்டு வர முடியுமா? ஆள் வெச்சிருந்தியா?”

அம்மா கட்டிலருகே உட்கார்ந்து, அப்பாவின் கால் மேல் விலகியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

“அவரு மொபெட்ல கருவிப் பெட்டி இருக்கில்ல?” என்றாள். “அதுல ரெண்டு கேன் சரியா அடங்கும்.”