நிசிபிஸைக் காலி செய்த மூன்றாம் நாள்

வசந்தத்தில் பாரசீகத்தின் மேல் படையெடுத்துப் போன பேரரசர் கோடையில் செத்துப்போனார். அடுத்து வந்தவர் சமாதானத்துக்கு விலையாக எல்லையில் இருந்த நிசிபிஸ் நகரத்தையே பாரசீகருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஜனங்கள் மூன்று நாளில் வெளியேற வேண்டும். "படை வேண்டாம், மதிலை நாங்களே காத்துக்கிறோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் அவர் காலில் விழுந்தும் பலிக்கவில்லை.

மருத்துவச்சி ஷல்மாத்துக்கு அதுதான் ஆறவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன் பாரசீகர் முற்றுகையில் அந்த மதில் இடிந்தபோது, கல் சுமந்து அடைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் புருஷன் உயிரை விட்டதும் அங்கேதான்.

மூன்றாம் நாள் காலை. நெசவுக்காரனான அவள் தம்பி உசாய் வண்டியில் தறியை ஏற்றிக் கட்டி முடிக்கும்போது, பக்கத்து வீட்டு எம்மிக்கு வலி எடுத்தது. பேரரசரின் படையோடு போன அவள் கணவன் சப்தாய் இன்னும் திரும்பவில்லை.

"பாரசீகக்காரன் என்ன மனுஷனைக் கடிச்சா திங்கிறான்? பெத்ததும் இவளை அனுப்பிவைப்பான். நாம கிளம்புவோம்க்கா" என்றான் உசாய்.

"தறியை இறக்கு. அவளைப் படுக்க வைக்கணும்."

"அங்க போய் எதை வச்சு நெய்வேன்? நெய்யறதுக்கு உன் தலைமயிரா இருக்கு?"

"நரைச்சதுதான் இருக்கு. பரவாயில்லை, இறக்கு."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். கோட்டை உச்சியில் பாரசீகக் கொடி ஏறியிருந்தது. வீட்டு வாசல் நிலையைக் கட்டிக்கொண்டு அழுதவர்களைச் சிப்பாய்கள் பிய்த்து இழுத்தார்கள். அந்த நெரிசலில் வண்டி நகர்ந்து மதில் வாசலைத் தாண்டவே மதியமாகிவிட்டது.

ஆற்றங்கரையில், ஒரு முசுக்கட்டை மரத்தடியில், எம்மியால் அதற்கு மேல் போக முடியவில்லை. உசாய் தன் மேலங்கியைத் திரையாகப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றான். பிள்ளைக்குக் கால் முதலில் வந்தது. உடம்பெல்லாம் நீலம். ஷல்மாத் அதன் வாயில் விரல்விட்டு வழித்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கழித்து அது வீறிட்டது.

"என்ன குழந்தைக்கா?" என்றான் திரும்பாமலே.

"பொண்ணு. கையை இறக்காதே, இன்னும் முடியலை."

ஆறாம் நாள் ஆமிதா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மதிலுக்கு வெளியே அகதிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். உசாய் வேறொருவன் தறியில் கூலிக்கு உட்கார்ந்தான். ஷல்மாத்துக்கு வேலைக்குக் குறைவில்லை. வழியில் தாய்மாரை இழந்த பிள்ளைகளும் அவளிடமே வந்தன.

பனி விழுந்த ஒரு காலையில், குடிசை குடிசையாக விசாரித்துக்கொண்டு எலும்பும் தோலுமாக ஒருவன் வந்தான். சப்தாய். எம்மி மடியிலிருந்த குழந்தையை நோக்கி அவன் கை நீட்டினான்.

"கையைக் கழுவிட்டு வாப்பா, அப்புறம் தூக்கு" என்றாள் ஷல்மாத்.

அவன் அப்படியே திரும்பித் தண்ணீரைத் தேடிப் போனான். முதலில் அழுதவன் உசாய்தான்.