நானூற்று ஐம்பது ரூபாய்ப் பூசணிக்காய்

ஞானமணி சென்னையில் வணிக நிர்வாகத்தில் மேற்படிப்புப் படித்தான். திருத்தணி ஸ்டேஷனை ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சபையில் பத்தாவது தாண்டியவர்களே நாலு பேர்தான். அதனால் அது என்ன படிப்பென்று யாருக்கும் பிடிபடவில்லை. குடும்பத்தில் காசை எப்படி வைத்துக்கொள்வது என்று வேதத்தின்படி படிக்கிறான் என்று அவன் அம்மா ரூத்தம்மாள் ஊரெல்லாம் விளக்கம் சொன்னாள். காசே இல்லாதவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

எழுபத்து நாலாம் வருஷம், ஆய்வேட்டு வேலையாக ஊருக்கு வந்தவன், சபையிலிருந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கும் வீட்டுக்கொரு வரவுசெலவு நோட்டுப் போட்டுக் கொடுத்தான். முதல் பக்கத்தில் மூன்றே விதிகள். கர்த்தருக்குச் சொன்னதை முதலில் கொடு. கடன் வாங்காதே. ஒரு காரியத்துக்கென்று எடுத்துவைத்ததை இன்னொன்றுக்குத் தொடாதே. ரூத்தம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் மகன் வாசிக்கக் கேட்டே மூன்றையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள்.

அவள் வயிற்றில் கட்டி இருந்தது. வேலூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து செத்துப்போன புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு கறவை மாடு. அதை விற்ற நானூற்று ஐம்பது ரூபாயை ஞானமணி ஒரு கவரில் போட்டு, மேலே ‘அம்மா’ என்று எழுதி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

இடையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்கு அவரவர் வீட்டு முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலம். ஐந்து ரூபாய்க் கோழி பதினைந்துக்குப் போகும். அது விலையல்ல, காணிக்கை. ஆலயத்தில் வாய்விட்டுச் சொன்ன தொகை கர்த்தரிடம் செய்த பொருத்தனைக்குச் சமம். அடுத்த ஞாயிறுக்குள் கட்டியாக வேண்டும். வீறாப்புக்கு ஏலம் கேட்டுவிட்டு அண்டாவை அடகு வைத்தவர்கள் அந்தச் சபையில் உண்டு. அந்தப் பைத்தியக்காரத்தனத்தைக் கண்டித்து ஞானமணி ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தான். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு சபையார் முன்னாலும் பேசினான். காணிக்கைக்கென்று எடுத்துவைத்ததற்கு மேல் ஒரு பைசா ஏலம் கேட்காதீர்கள் என்றான்.

அது காண்ட்ராக்டர் சாமிநாதனுக்குக் கடுப்பு. ஞானஸ்நானத்தில் சாலொமோன் என்று பேர் வைத்தும் சாமிநாதனாகவே இருந்துவிட்ட மனிதர். ஏலத்தில் கை தூக்கித்தான் அவர் சபையில் பெரிய மனிதராகியிருந்தார்.

ஏலத்துக்குக் கடைசியாக வந்தது ரூத்தம்மாள் வீட்டுக் கூரையில் காய்த்த பூசணிக்காய். போதகர் இரண்டு ரூபாயில் ஆரம்பித்தார். ஞானமணி ஐந்து என்றான். காணிக்கைக்கென்று அவன் தனிக் கவரில் எடுத்துவைத்திருந்தது அவ்வளவுதான். சாமிநாதன் பத்து என்று சொல்லிவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

"படிச்சவருக்கு ஆண்டவர்கிட்டயும் கை மடங்கினுதான் வருது."

சபை சிரித்தது. ஞானமணிக்குக் காது மடல் சுட்டது. இருபது என்றான். ஐம்பது என்றார். அவன் நூறு என்றான். இருநூறு வந்தபோது பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்திருக்கலாம். வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. முந்நூறு, நானூறு. தன் குரல் நானூற்று ஐம்பது என்று சொன்னதை அவனே கேட்டான். சாமிநாதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தான். மலைமேலிருந்து கிருத்திகைக்கு ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் போதகரே வந்தார். நல்ல மனிதர். ஆபரேஷன் முடியட்டும், பணம் மெதுவாக வரட்டும், சபையில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். ரூத்தம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் மணவூர் பெரியப்பாவிடம் கைமாற்று வாங்குகிறேன் என்று ஞானமணி அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"மூணாவத நீ மீறிட்ட நைனா. மத்த ரெண்டயும் மீற வாணாம். பன்னெண்டு வூட்ல அந்த நோட்ட வச்சிகினு இருக்காங்க. கர்த்தர் காச வச்சிகினு நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்."

விதிகள் எல்லாம் சும்மா, பரீட்சைக்காக எழுதினேன் என்றான். அவள் நம்பவில்லை. மகன் பொய் எழுதுவான் என்று நம்ப அவளால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு கவரைத் தன் கையாலேயே கொண்டுபோய்த் தட்டில் போட்டாள்.

அவன் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தான். அரக்கோணத்தில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினான். அந்தப் பணத்தை மறுபடி சேர்க்க நாலு மாதம் ஆனது. வேலூரில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், கட்டி எல்லா இடமும் பரவிவிட்டது, தையல் போட்டு அனுப்புகிறோம் என்றார். முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டார். இருபத்து மூன்றாம் நாள் ரூத்தம்மாள் செத்துப்போனாள். அடக்க ஆராதனைக்கு எல்லாரையும் முந்திப் பெரிய மாலை கொண்டுவந்தவர் சாமிநாதன்.

ஞானமணி சென்னைக்குத் திரும்பினான். முன்பே கொடுத்திருந்த ஆய்வேட்டைப் பேராசிரியர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏலத்தைப் பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. ‘நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படியும் நடக்குமா என்று படிப்பவர் சந்தேகப்படுவார். நேரில் கண்ட உதாரணம் ஒன்று சேர்க்கவும்.’

அவன் பேனாவைத் திறந்து, அதன் கீழேயே, ‘உதாரணம் எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.