மாப்பிள்ளையைத் தள்ளிய கதை

மீன்பிடிப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வாயாடி என்று பெயர். வலை பின்னுவாள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவாள். ஆனால் வயர்லெஸ் கையில் கிடைத்தால் போதும், ஊர்க்கதை ஆரம்பித்துவிடும். "இது அத்தைக்குப் போடற போன் இல்லம்மா. யாரு, எங்க, என்ன வேணும், அவ்வளவுதான்" என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

அன்று, கடலில் விழுந்தவரைத் தூக்கும் பயிற்சி. விழ வேண்டியவர், லைஃப் ஜாக்கெட் மாட்டிய ஆளுயரப் பொம்மை. ஒரு வேலையும் செய்யாமல் படகில் சாய்ந்தே கிடப்பதால் மாணவர்கள் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள்.

பொம்மையைத் தள்ளினார்கள். படகைத் திருப்புவதற்குள் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. பயிற்சியாளர் எஞ்சின் அறைக்குள் இறங்கினார். மாப்பிள்ளை நீரோட்டத்தோடு ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

தூரத்தில் தெரிந்த ஒரு பெரிய படகிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரு குரல் அலறியது. "துறைமுகம்! தண்ணில ஒருத்தர் குப்புற மிதக்கறாரு. அசைவே இல்ல!"

"ஐயோ, விஷயத்தச் சொல்லு!" என்று கீழிருந்து கத்தினார் பயிற்சியாளர்.

வாயாடி பாய்ந்து எடுத்தாள். "பதறாதீங்க சார், அவரு எங்க மாப்பிள்ளைதான். நாங்கதான் தள்ளிவிட்டோம்."

பிறகு துறைமுகத்திலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது: "எதுக்கும்மா தள்ளினீங்க?"

"பழகத்தான் சார். போன வாரமும் தள்ளினோம், அவருக்கு ஒண்ணும் ஆகல."

பின்னால் மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். மீட்புப் படகு கிளம்புகிறது என்று துறைமுகம் சொன்னதும்தான் அவளுக்கு உறைத்தது. வயர்லெஸ்ஸை மறுபடி அழுத்தினாள்.

"இது பயிற்சிப் படகு. துறைமுகத்துக்கு நேர் கிழக்க நிக்கிறோம். மிதக்கறது பொம்மை. ஆள் யாரும் விழல. எஞ்சின் நின்னுடுச்சு, கட்டி இழுக்க ஒரு படகு வேணும்."

பெரிய படகே வந்தது, மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு. அதன் கேப்டன் எட்டிப் பார்த்தார். "தள்ளினது யாரு?"

வாயாடி கையைத் தூக்கினாள், திட்டு வாங்கத் தயாராக.

"படிப்பு முடிஞ்சதும் எங்க படகுக்கு வர்றியா? நாங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

பயிற்சியாளரே வாயைப் பிளந்தார். அவள் மட்டும் அசரவில்லை. "வரலாம். அதுக்கு முன்னாடி உங்க எஞ்சின ஒரு தடவ பாக்கணும்."

"எதுக்கு?"

"இன்னிக்கு ஒண்ணு கால வாரினதே போதும் சார்."

கேப்டன் சிரித்துக்கொண்டே ஏணியை இறக்கச் சொன்னார். அவள் ஏறி, எண்ணெயைத் தொட்டுப் பார்த்து, பெல்ட்டை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சரியென்றாள்.