நம்ம வீட்டு டப்பா

அரசாங்கக் கட்டிடங்களுக்குள் பொய் வெடிகுண்டு கொண்டுபோவதுதான் என் உத்தியோகம். சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஏதோ ஒரு சான்றிதழுக்கு அலைகிற பெண்ணைப் போல வரிசையில் நிற்பேன். பைக்குள் மின்கம்பி, பேட்டரி, களிமண், ஓடாத கடிகாரம் எல்லாம் அடைத்த ஒரு டப்பா இருக்கும். வாசல் காவலர் பிடித்துவிட்டால் அந்த வாசல் தேறிவிட்டது. பிடிக்காவிட்டால் உள்ளே போய் ஏதாவது ஒரு மாடியில் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு வந்து அறிக்கை எழுதுவேன்.

அறிக்கை எழுதி என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாது. 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு பதில் வரும். அந்த ஆவனவை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை. ஒரு கட்டிடத்தில் நான் ஒட்டிய சிவப்புச் சீட்டு மறுவருடம் போனபோதும் அப்படியே இருந்தது. அதன்மேல் யாரோ தொலைபேசி எண் குறித்து வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுவரையே பெயர்த்து எடுத்து வந்திருப்பேன்.

அதனால்தான் அரசுக் கட்டிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வருகிறது, சட்டமன்ற உறுப்பினர்கள் குழு கருத்துக் கேட்கிறது என்றதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடப் பொய். நின்றுகொண்டே பேசினேன். "தெரியாம விட்ட காவலருக்குப் பயிற்சி குடுங்க. தெரிஞ்சே விட்டவரை வீட்டுக்கு அனுப்புங்க. அதுக்கு மேல்முறையீடும் வேண்டாம், விலக்கும் வேண்டாம்" என்று மேசையைத் தட்டினேன். தலைவருக்கு முன்னால் இருந்த தண்ணீர் சிந்தியது. நான் சொன்னது ஏறக்குறைய அப்படியே பதினொன்றாம் பிரிவாக வந்துவிட்டது. அச்சான சட்டத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

தம்பி வீடு எனக்கு அடுத்த தெரு. எனக்கு ஒருத்திக்காக அடுப்பு மூட்டப் பிடிக்காது என்பதால் சாயங்காலச் சாப்பாடு அங்கேதான். அவனும் வாசல் காவலன்தான். பதிவு அலுவலகக் கட்டிடத்தில் பைகளை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரத்தின் திரைக்கு முன்னால் அவனுக்கு வேலை. பிறர் கண்ணில் படாதது அவன் கண்ணில் படும். சின்ன வயதில் நான் ஒளித்து வைத்த மிட்டாய் ஒன்றுகூடத் தப்பியதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். பல வருடமாக ஒப்பந்தத்தில் இழுத்தடித்தவர்கள், இந்த மாதம் நிரந்தர உத்தரவு தருவதாக ஒருவழியாகச் சொல்லியிருந்தார்கள். அவன் மனைவிக்கு அது ஏழாம் மாதம்.

அன்று காலை எங்கள் வண்டி கிளம்பிய பிறகுதான் வழக்கம்போல உறையைப் பிரித்தோம். எந்தக் கட்டிடம் என்பது அதுவரை எங்களுக்கே தெரியாது. பிரித்த பிறகு யாரும் தொலைபேசியைத் தொடக்கூடாது. உள்ளே பதிவு அலுவலகம் என்று எழுதியிருந்தது.

முன்சீட்டில் எங்கள் மேலதிகாரி. அவசியப்பட்டால் மட்டும் சட்டைக் காலருக்குள்ளிருந்து தலையை நீட்டுகிறவர் என்பதால் அவருக்கு ஆமை என்று பெயர்.

"சார், அந்த வாசல்ல என் தம்பி நிக்கிறான். வேற யாரையாவது அனுப்புங்க."

ஆமை தலையை நீட்டினார். "கெட்டது பண்ண வர்றவனும் யாருக்காவது அக்கா தம்பியாத்தாம்மா இருப்பான். இந்தச் சோதனையையும்தான் பண்ணிப் பாக்கணும். தம்பின்னு குறிச்சு வெச்சுக்கிறேன், நீங்க போங்க."

தலை உள்ளே போய்விட்டது. இனி அவரிடம் பேசிப் பயனில்லை.

வரிசையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் நின்றவரின் குதிகாலை மிதித்துத் திட்டு வாங்கினேன். திருட்டு முழி எப்படி முழிக்க வேண்டுமோ அப்படி முழித்தேன். பையை நெஞ்சோடு அணைத்தேன், இருமினேன், நெற்றியைத் துடைத்தேன். வழக்கமாகத் துணிகளுக்கு அடியில் வைக்கும் டப்பாவை வண்டியிலேயே எல்லாவற்றுக்கும் மேலே எடுத்து வைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்கூடப் பிடித்துவிடுவான். பிடிடா, பிடிடா என்று மனசு அடித்துக்கொண்டது.

பை பெல்ட்டில் ஏறியது. திரைக்குப் பின்னால் தம்பி. நடுவில் பெல்ட் நின்றது. அவன் திரையைப் பார்த்தான், தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். எனக்கு மூச்சே வந்தது, அப்பாடா என்று.

பெல்ட் நகர்ந்தது.

"எடுத்துக்கங்க மேடம்" என்றான். மேடமாம்!

மூன்று மாடியையும் படியேறியே போனேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு குமாஸ்தா யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் பார்க்க வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். கடைசியில் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் சிவப்புச் சீட்டை ஒட்டினேன். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

கீழே வந்து பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது. காவலர்கள் கூடிவிட்டார்கள். "பருந்து கண்ணுலயே மண்ணைத் தூவிட்டாங்கப்பா!" என்று ஒருவன் சிரித்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் அவனைக் கடந்து போகும்போது மட்டும் நிமிர்ந்து, யாருக்கும் தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவன் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் அன்று பகல் முழுக்க அலுவலகத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் சமையலறைக்குள் நுழைந்தேன். தம்பி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"வாக்கா. இன்னிக்கி ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?"

"நீ பாத்தியா?"

"பாக்காம? நம்ம வீட்டு டப்பாதானே அது? மூடியில ஒரு காது ஒடஞ்சிருக்குமே, அதுகூட தெரிஞ்சுது."

"என் டப்பாவா? அதைத்தான் ரெண்டு மாசமா தேடிக்கிட்டு இருக்கேன் அண்ணி" என்றாள் அவன் மனைவி.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "பாத்துட்டு ஏன்டா விட்ட?"

"உனக்காகத்தான். அத்தனை பேர் முன்னாடி உன்னை எப்படிப் புடிக்கிறது? அன்னிக்கி ஒருத்தன் உன்னைப் புடிச்சுட்டான்னு தட்டைத் தள்ளிவிட்டுட்டுப் பட்டினியா போனியே, மறந்துட்டியா? உள்ள போன அன்னிக்கெல்லாம் எப்படி வருவ? 'இன்னிக்கும் கோட்டை விட்டானுங்க'ன்னு குதிச்சுக்கிட்டு வருவ. ரெண்டு கரண்டி சோறு கூட போட்டுக்குவ. உனக்கு எது ஜெயிப்புன்னு எனக்குத் தெரியாதாக்கா?"

அவன் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. இத்தனை வருடம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காவலர்களை நான் செய்த கேலி கொஞ்சநஞ்சமா? பிடிபடுவதற்காகத்தான் போகிறேன் என்று ஒருநாளாவது இவனிடம் சொன்னதுண்டா? அப்படி நானே நினைத்ததுண்டா?

"மடையா, நான் மாட்டினாத்தான்டா எல்லாரும் ஜெயிச்ச மாதிரி. பதினொன்னாம் பிரிவு. வாசிச்சுக் காட்டினேனே."

"வாசிச்ச. நீ சந்தோஷமா வாசிச்சன்னு சந்தோஷமா கேட்டேன். யாருக்கு அதெல்லாம் புரிஞ்சுது?"

அவனுக்குப் புரியும்படி சொன்னேன். கவனிக்கவில்லை என்றால் சில வாரம் பயிற்சி, அப்புறம் உத்தரவு தானாக வரும். தெரிந்தே விட்டேன் என்றால் அதோடு முடிந்தது. விசாரணையில் கவனிக்கவில்லை என்ற ஒரு வார்த்தை போதும், வேறு எதையும் பேசாதே என்றேன். அவன் மனைவி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணி சொல்றபடி கேளுங்க" என்றாள். அவன் ஆறிப்போன தேநீரை மறுபடி ஆற்றிக்கொண்டே இருந்தான்.

விசாரணை அடுத்த வாரம், அந்தக் கட்டிடத்திலேயே ஓர் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட, சாந்தமான அம்மா. உறவு தெரிந்துதான் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

முதலில் என்னைக் கேட்டார். "காவலர் பொருளைக் கவனிச்சாருன்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"இல்ல மேடம். கவனிக்கலைன்னுதான் நெனைக்கிறேன்." நாக்கு கூசாமல் சொன்னேன்.

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "பெல்ட் நடுவுல நின்னிருக்கே, ஏன்?"

சிக்கிக்கொண்டது என்று சொல்லடா. பழைய பெல்ட், எப்போதும் சிக்குகிற பெல்ட். மேசைக்கு அடியில் என் கால் தன்பாட்டுக்கு ஆடியது. தம்பி சட்டையில் குத்தியிருந்த வில்லையைத் தடவிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவே இரங்கி வழி காட்டினார். "பயப்படாதீங்க. ஒரு கண் பரிசோதனை பண்ணிடலாம். பார்வை மங்கலா இருந்தா திரை வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடலாம். நீங்க கதவுப் பக்கம் நிக்கலாம். வேலை எங்கயும் போகாது."

அவர் நல்லதுதான் நினைத்தார். ஆனால் தம்பியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எழுந்து அவன் வாயைப் பொத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றான். "டப்பா பைக்கு மேலாப்புல இருந்துச்சு. உள்ள ரெண்டு பேட்டரி, பக்கத்துல வட்டக் கடிகாரம். ஒரு கம்பி எதுலயும் சேராம தனியா கெடந்துச்சு. மூடியில இடது பக்கக் காது இல்ல. எல்லாம் பாத்தேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

"ஏன் விட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

"எங்க அக்கா மேடம். மாட்டிக்கிட்டா சாப்பிட மாட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பதினொன்னாம் பிரிவு உங்க யோசனைன்னு சொன்னாங்க. அதுல விலக்கு ஏதாவது இருக்கா? நான் தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல. உங்களுக்குத் தெரிஞ்சு எங்கயாவது?" என்று கேட்டார். அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல மேடம்" என்றேன். "வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

வெளியே தாழ்வாரத்தில் தம்பி சீருடைச் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊசி துணியில் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிடப் போனேன். என் கண்ணுக்கு ஊசி தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. அவனே எடுத்தான்.

"ஏன்டா? ஒரு வார்த்தைதானே கேட்டேன்? உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்க்கா. வேற எது வேணா சொல்லியிருப்பேன். கண்ணு தெரியாதவன்னு எழுதிக் குடுத்துட்டு அந்தத் திரையை விட்டு என்னால எழுந்து வர முடியாது."

வாசலைத் தாண்டும்போது திரைக்கு முன்னால் புது ஆள் உட்கார்ந்திருந்தான். பைகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. தம்பியால் தாங்க முடியவில்லை, நின்று அந்தத் திரையை எட்டிப் பார்த்தான். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

தெருவுக்கு வந்ததும் கேட்டான். "அக்கா, உண்மையைச் சொல்லு. அன்னிக்கி நான் உன்னைப் புடிச்சிருந்தா, சாயங்காலம் வந்து சாப்பிட்டிருப்பியா?"

சாப்பிட்டிருப்பேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணுக்கு முன்னால் எதை ஒளிப்பது?

"மாட்டேன்டா" என்றேன்.

"அதான்" என்றான்.