பன்னிரண்டாவது ஒடுக்கு

எங்கள் விஸ்கி ஆலையில் கொப்பரையை மாற்றலாம், அதிலுள்ள ஒடுக்கை மாற்றக்கூடாது. முதல் முதலாளி செம்புக் கொப்பரையை வண்டியில் ஏற்றி வந்தபோது கயிறு அறுந்து அது உருண்டு ஓரிடத்தில் நசுங்கியதாம். ஒடுக்கு விழுந்த அந்தக் கொப்பரையில் காய்ச்சிய சரக்குக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தது பார்லியாலா, தண்ணீராலா, ஒடுக்காலா என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே செம்பு தேய்ந்து புதுக் கொப்பரை செய்யும்போதெல்லாம், பளபளவென்று இருப்பதைச் சுத்தியலால் அடித்து அதே இடத்தில் அதே ஒடுக்கை உண்டாக்குவார்கள். நான்கு தலைமுறையில் பதினொன்று சேர்ந்துவிட்டன. எந்த இடம், எத்தனை விரல் அகலம், எதனால் விழுந்தது என்று ஒரு பதிவேடே இருக்கிறது. ஏழாவதற்கு எதிரே 'மருமகன் கோபம்' என்று எழுதியிருக்கிறது.

நான் அரைவை அறையில் இருக்கிறேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை மில்லில் உடைத்துக் கொடுக்க வேண்டும். கையைவிடக் காதுக்குத்தான் அங்கே வேலை அதிகம். தானியத்தோடு கல் வந்து உருளையில் மாட்டினால் டக் டக் என்று கேட்கும். பொறி பறந்தால் மாவுத் தூசி பற்றிக்கொள்ளும், அறையே போய்விடும். கேட்ட உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஒரு கல்லையும் தவறவிட்டதில்லை என்று பீற்றிக்கொள்வேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கொப்பரை அறை. அங்கே காய்ச்சுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஸ்பேனரால் கொப்பரைக் கதவைக் கழற்றி, கழுவ உள்ளே இறங்கினார். அடியில் தங்கியிருந்த சரக்கு ஆவி அவரை அடித்துவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தார்கள்.

"எறங்கின உடனே மயக்கம்மா. ஒண்ணும் தெரியாமலே போயிட்டார்" என்றார் மேலாளர்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினேன். அவருக்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் எனக்கும் தெரிய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அழவில்லை. நாத்தனார் 'கல்நெஞ்சக்காரி' என்று சொல்லிப் பார்த்தாள், அதுவும் உறைக்கவில்லை. அவர் கடைசியாக இறக்கிய சரக்கு கிடங்கில் மரப்பீப்பாயில் கிடக்கிறது. பத்து வருடம் ஆகாமல் திறக்க மாட்டார்கள். யாராவது கேட்டால், இன்னும் ஏழு வருடம் என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வேன்.

போன வாரம் புதுக் கொப்பரைக்கு அளவெடுக்கச் செம்பு வேலைக்காரர் வெளியூரிலிருந்து வந்தார். இரண்டு நாள் மின்விசிறி வைத்துக் கொப்பரைக்குள் காற்று ஏற்றியிருந்தார்கள். மில்லும் ஓடவில்லை, சும்மா இருந்த என்னைப் பதிவேட்டைப் படிக்கச் சொன்னார் மேலாளர். நான் படிக்கப் படிக்க, செம்பு வேலைக்காரர் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டார். பதினொன்றும் முடிந்தது. பிறகு நீராவிக் குழாய்க்குப் பின்னால், செங்கல் மேடைக்குக் கொஞ்சம் மேலே, குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, பன்னெண்டாவதுக்கு என்ன போட்டிருக்கு?"

"பதினொண்ணோட முடிஞ்சிருச்சுண்ணே."

"இங்க ஒண்ணு இருக்கே."

"எழுதிக்கம்மா" என்றார் மேலாளர். "இருக்கிறத எல்லாம் எடுக்கணும், அதான் வழக்கம். காரணம் தெரியலன்னு போட்டுக்க."

நான் பேனாவைத் திறந்தேன். செம்பு வேலைக்காரர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது ஒடுக்கு இல்ல சார். வெளிய தள்ளியிருக்கு. உள்ளருந்து அடிச்சது."

டார்ச்சோடு கதவு வழியாக உள்ளே இறங்கினார். அவர் குரல் செம்புக்குள்ளிருந்து கணீரென்று வந்தது. "ஒரு அடி இல்ல. ஒரே எடத்துல பத்துப் பன்னெண்டு இருக்கும். ஸ்பேனர் தடம் மாதிரி தெரியுது. மொதல்ல பலமா விழுந்திருக்கு, அப்புறம் லேசு லேசா."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"உக்காந்துக்கிட்டு அடிச்சா இந்த ஒயரம் வருமாண்ணே?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உக்காந்தாத்தான் வரும், தங்கச்சி."

"அப்ப அங்கயே இருங்க. நான் போய் மில்லப் போடுறேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதே எடத்துல தட்டுங்க."

"வேணாம்மா" என்றார் மேலாளர்.

நான் அரைவை அறைக்குப் போனேன். தானியத்தைக் கொட்டி மில்லை ஓடவிட்டேன். தரை அதிர்ந்தது. வழக்கமாக நிற்கிற இடத்திலேயே போய் நின்றேன். கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இந்த மூன்று வருடத்தில் எதற்காகவும் நான் வேண்டிக்கொண்டதில்லை. இந்த இரைச்சலில் எதுவும் கேட்காது, யாருக்கும் கேட்டிருக்காது என்று தெரிந்தால் போதும், மிச்ச வருடங்களையும் இப்படியே ஓட்டிவிடுவேன்.

டக். டக். டக்.

கல் சத்தம்.

அன்றைக்கும் கேட்டேன். கல் மாட்டிக்கொண்டது என்று சுவிட்சை நோக்கி நடந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் லேசாகி, நின்றுவிட்டது. நல்லவேளை, நொறுங்கிவிட்டது என்று திரும்பி வந்து இதே இடத்தில் நின்றுகொண்டேன்.

ஓடிப்போய் மில்லை அணைத்தேன். உருளைகள் சுற்றி ஓய்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.