யாருக்கு உதவினோம்?

"சனிக்கிழமை நாம் செய்த வேலையால் யாருக்கு உதவி?" கரும்பலகையில் எழுதிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு இதுகூடவா கஷ்டம்?

அன்று இருபத்திரண்டு பிள்ளைகளும் விளக்குமாறும் கையுமாக தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நான்கு லயங்களின் வாசலையும் சாக்கடைக் கானையும் கூட்டிக் கழுவினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே போய், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவை அழைத்துவந்து காட்டினேன்.

இன்று இருபத்தொரு சிலேட்டிலும் ஒரே வரி: "துரைக்கு உதவி." பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் தோட்டத்தை நடத்தும் துரைக்கு நன்றி சொல்லியே பழகிய பிள்ளைகள். எரிச்சலாக வந்தது.

"அழிங்க! துரையா லயத்துல குடியிருக்காரு? நம்ம சனங்களுக்குத்தானே செஞ்சோம்?" என்று கத்தினேன். எச்சில் தொட்டு அழித்தார்கள்.

நாகலெட்சுமியின் சிலேட் மட்டும் வெறுமையாக இருந்தது.

"உனக்கென்னடி, வாயில கொழுக்கட்டையா?"

அவள் எழுந்தாள். "காலையில பெரட்டுல, வேலைக்குப் பேர் கூப்பிடுறப்போ, எங்கப்பா பேர வெட்டிட்டாங்க டீச்சர். புள்ளைங்களே இம்புட்டு நல்லா கூட்டுறப்போ வாசக்கூட்டி எதுக்குன்னு கண்டாக்கு ஐயா கேட்டாராம்."

அவள் அப்பா வீரய்யாதான் லயங்களைக் கூட்டுகிறவர். கால் சரியில்லை, கொழுந்து பறிக்க மலை ஏற முடியாது. பேர் போனால் குடியிருக்கும் காம்பராவும் போய்விடும். சனிக்கிழமை அவர் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி, "இன்னைக்கு நீங்க சும்மா உக்காருங்க" என்று சொன்னவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மதியம் ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கண்டாக்கு ஐயாவைப் பார்த்தேன்.

"வீரய்யாவத் திரும்ப எடுத்துக்குங்க ஐயா. புள்ளைங்க ஒருநாள்தானே செஞ்சாங்க?"

"ஏன் ஒருநாளோட நிறுத்துறீங்க டீச்சர்? வாராவாரம் கூட்டிட்டு வாங்க. ஒரு ஆள் மிச்சம்னு துரைக்கு ரொம்ப சந்தோஷம்."

"இனி என் புள்ளைங்க வரமாட்டாங்க."

"வராட்டிப் போகட்டும். வெட்டின பேரு வெட்டினதுதான்."

அதற்குமேல் என்னோடு பேச அவருக்கு நேரமில்லை.

திரும்பி வந்தபோது நாகலெட்சுமி பள்ளிக்கூட வாசலிலேயே நின்றாள். உள்ளே மற்றவர்கள் நான் சொன்னபடி, "நம் சனங்களுக்கு உதவி" என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அப்பாவ எடுத்துக்கிட்டாங்களா டீச்சர்?"

"இல்லம்மா."

அவள் அழவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, சிலேட்டை எடுத்து எழுதி, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"துரைக்கு உதவி."

காலையில் இருபத்தொரு பேரை நான் அழிக்க வைத்த அதே விடை.