பத்தாம் வாய்க்காலின் மின்னஞ்சல் பெட்டி

பெட்டி நிரம்பிவிட்டது, இனிக் கடிதம் எதுவும் வராது என்று திரையின் உச்சியில் ஒரு சிவப்புக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. பிரசாந்தனும் அதையே தலைவர் வீரபாகுவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு இருந்த மரியாதைதான் அவனுக்கும் கிடைத்தது.

அவன் பத்தாம் வாய்க்கால் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். அமைப்புக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கு. அமைப்புக்கென்று என்பது பேச்சுக்குத்தான். முரசுமோட்டை ஊரில் சிம் எடுத்தவனும், வெளிநாட்டு வேலைக்குப் பதிந்தவனும், மகளுக்கு மாப்பிள்ளை தேடியவளும் அந்த முகவரியையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊர்க் கிணறு மாதிரி. அள்ள எல்லாரும் வருவார்கள், கலக்கி இறைத்துத் துப்புரவாக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

காலையில் நீர்ப்பாசன அலுவலகத்தில் கடிதங்கள் எழுதும் லிகிதர் தொலைபேசியில் பிடித்தார்.

“தம்பி, கடிதம் ரெண்டு தரம் அனுப்பிட்டன், திரும்பி வருது. வாய்க்கால் துப்புரவாக்க மண் அள்ளுற பெக்கோ மெசின் வருது. சம்மதம் எண்டு இண்டைக்குள்ள எழுத்தில பதில் வராட்டி வேற வாய்க்காலுக்குப் போயிடும். பிறகு என்னோட கதைச்சு வேலையில்லை.”

கடைசி மடைக்குத் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. சேறும் புல்லும் வாய்க்காலை அடைத்துக் கிடந்தன. பிரசாந்தனின் வயலும் பக்கத்து வயல்காரி விமலேஸ்வரியின் வயலும் அந்தக் கடைசியில்தான். பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம். இப்போது காய்ந்தால் வெட்டுவது வைக்கோல்தான்.

பெட்டியில் கிடப்பதை அழிப்பது ஒரு நொடி வேலை. ஆனால் வீரபாகு விடவில்லை.

“பொதுச் சொத்தடா. கூட்டம் வைக்காமல் ஒரு துரும்பும் எடுக்கேலாது.”

பின்னேரம் கூட்டம் கூடியது. வந்தவர்களில் பாதிப்பேர் தலைமடைக்காரர். அவர்கள் வயலில் தண்ணீர் நின்றது, அவசரம் இல்லை. யாரும் உரிமை கோராதவற்றை மட்டும் அழிக்கலாம் என்று வீரபாகு முன்மொழிய, ஆண்டியப்பன் வழிமொழிந்தார். பிரசாந்தன் மடிக்கணினியை மேசையில் வைத்து ஒவ்வொரு தலைப்பாக வாசித்தான்.

“வாழ்த்துகள், நீங்கள் பரிசு வென்றுள்ளீர்கள்.”

“அது என்னோடது” என்றார் ஆண்டியப்பன்.

“ஏமாத்து வேலை அண்ணை. உலகம் முழுக்க அனுப்புறாங்கள்.”

“ஒலகத்துக்கு வந்தா எனக்கும் வந்ததுதானே? ஒனக்கு வரலேன்னு எரிச்சப்படாத தம்பி.”

எல்லாரும் சிரித்தார்கள். பிரசாந்தன் அடுத்ததுக்குப் போனான். “உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்.”

“ஆற்றை கணக்கு? உன்ரையோ, என்ரையோ?” என்று தலைவர் கேட்டார்.

“ஆற்றையும் இல்லை. இதுவும் பொய்.”

“எதுக்கும் கிடக்கட்டும்” என்றார் வீரபாகு. “பாங்கோட கொழுவிச் சண்டை பிடிக்கக் கூடாது.”

பிரான்சிலிருந்து வந்த புதுவீட்டுக் குடிபூரல் வீடியோக்கள்தான் பெட்டியின் பெரும்பகுதியை அடைத்திருந்தன. அழித்தால் வீரபாகுவின் மச்சான் கோபிப்பாராம். கல்யாணத் தளத்துக் கடிதங்கள் கொத்துக் கொத்தாக வந்தன. விமலேஸ்வரி எழுந்து நின்றாள்.

“தம்பி, அதுக்குள்ள நெதர்லாந்துப் பெடியன்ர வீட்டுக்காரர் எழுதினது கிடக்கு. என்ர மகள் தனுஷாவை அவைக்குப் பிடிச்சிருக்காம். விலாசம் அதில மட்டும்தான். பாத்து எடுங்கோ.”

“ஓம் அக்கா.”

வாசித்து முடிக்கத் தொண்டை வறண்டுவிட்டது. ஒருவரும் கைதூக்காதவை ஒரு சில. எல்லாம் நீர்ப்பாசன அலுவலகத்தின் பழைய சுற்றறிக்கைகள். தீர்மானப்படி அவற்றை அழித்தான். சிவப்புக் கோடு அசையவில்லை.

தேத்தண்ணி வந்தது. எல்லாரும் வெளியே போனார்கள். லிகிதர் மறுபடி தொலைபேசி எடுத்தார்.

“நான் வீட்டுக்கு வெளிக்கிடப் போறன் தம்பி.”

பிரசாந்தன் திரையைப் பார்த்தான். நெதர்லாந்துக் கடிதத்தைத் தேட வேண்டும். கல்யாணக் கடிதங்கள் பக்கம் பக்கமாக ஓடின, எல்லாம் ஒரே தலைப்பு. நிரம்பிய பெட்டியிலிருந்து இன்னொரு முகவரிக்கு அனுப்பவும் வழியில்லை. இரண்டு பக்கம் புரட்டினான். வெளியே ஆண்டியப்பன் பரிசில் உழவு இயந்திரம் எடுப்பதா கார் எடுப்பதா என்று கேட்க, ஊரே கெக்கட்டமிட்டுச் சிரித்தது. பிரசாந்தனுக்குள் ஏதோ அறுந்தது. எல்லாவற்றையும் தெரிவு செய்து அழித்தான். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினான். நிச்சயமா என்று அது கேட்டது. ஓம் என்று அழுத்தினான்.

“இப்ப அனுப்புங்கோ ஐயா.”

கடிதம் வந்தது. சம்மதம் என்று எழுதினான். அதற்குப் பின்னாலேயே ஆண்டியப்பனின் பரிசும் புதிதாக வந்து விழுந்தது. குப்பைக்கு அழிவில்லை. பரிசு, வென்றுள்ளீர்கள் என்ற சொற்கள் உள்ள எதுவும் இனி உள்ளே வராதபடி ஒரு வடிகட்டி போட்டான். கல்யாணத் தளத்தை அதில் சேர்க்கக் கை வரவில்லை.

பெக்கோ வந்து சேற்றை அள்ளிக் கரையில் போட்டது. அடுத்த நாள் கடைசி மடைக்குத் தண்ணீர் இறங்கியது. விமலேஸ்வரி மண்வெட்டியோடு வரம்பை வெட்டித் தன் வயலுக்குள் தண்ணீரை விட்டாள். பிரசாந்தன் பக்கத்து வரம்பில் நின்றான். நெதர்லாந்துக் கடிதமும் போய்விட்டதென்று அழித்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தான்.

“அக்கா, பெடியன் வீட்டுக்காரர் திரும்ப எழுதக்கூடும்.”

“பொம்பிளைப் பகுதி பதில் போடேல்லை எண்டால் விருப்பமில்லை எண்டுதானே நினைப்பினம்” என்றாள் அவள், மண்வெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “தண்ணி உங்கட பக்கம் வருது. மடையைத் திறவுங்கோ.”

அவன் குனிந்து திறந்தான்.